லேசர் டேக் கூடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகளை லேசர் டேக், அதாவது சென்சார் பதித்த வெஸ்ட் என்னும் மேலாடை அணிந்து, ஒளியைப் பாய்ச்சும் துப்பாக்கியால் எதிரணியினரைச் சுடும் விளையாட்டு, விளையாட அழைத்துச் செல்வது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. எந்தக் கூடத்திற்குப் போகலாம் என்று நேரில் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வாழும் எங்களுக்கு இடங்களுக்குக் குறைவில்லை. வணிக வளாகங்களின் மேல் தளங்களிலும், பவுலிங், டிராம்போலின் போன்றவற்றோடு சேர்ந்த தனிக் கட்டடங்களிலும் இத்தகைய கூடங்கள் இயங்குகின்றன. எல்லாவற்றின் விளம்பரப் படங்களும் ஒன்றுபோலவே இருந்தன: இருட்டு, நீல ஒளி, புகை, நெஞ்சில் விளக்குகள் மின்னும் வெஸ்ட் அணிந்த பிள்ளைகள். இந்தப் படங்களைக் கொண்டு ஒரு கூடத்தை எடைபோட முடியாது, ஏனெனில் பெற்றோர் அறிய வேண்டியவை யாவும் அந்த இருட்டுக்குள் மறைந்திருக்கின்றன. ஆகையால், கூட்டம் குறைந்த வார நாள் மதியங்களில் தனியாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் மேலாளரிடம் ஒரே வேண்டுகோளை வைத்தேன்: ஆட்டம் நடக்காத நேரத்தில் உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டுக் காட்டுங்கள்.

இந்த வேண்டுகோளுக்குக் கிடைத்த பதிலிலேயே மதிப்பீட்டின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஓரிடத்தில் வரவேற்பில் இருந்த இளைஞர், “லைட் போட்டா எஃபெக்ட் போயிடும் சார், ஃபோட்டோ காட்டுறேன் பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். வேறோர் இடத்தில் மேலாளர் சிறிதும் தயங்காமல், “வாங்க சார், அடுத்த ஸ்லாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கு, சுத்திப் பாத்துடலாம்” என்று தாமே முன்னால் நடந்தார். விளக்கைப் போட மறுத்த இடத்தில், முழு வெளிச்சம் தரும் விளக்குகளே பொருத்தப்படவில்லையோ என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. ஆபத்து நேரத்தில் ஒரே சுவிட்சில் கூடம் முழுவதும் வெளிச்சமாக வேண்டும் என்பது இருட்டில் ஆடும் விளையாட்டுக்கு அடிப்படைத் தேவை என்பதால், அந்த இடத்தை மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

நான் இதில் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ‘ஃபோட்டான்’ என்ற லேசர் டேக் கூடத்தைத் திறந்து, இந்த விளையாட்டை ஒரு தொழிலாக்கியது 1984ஆம் ஆண்டில். அதே ஆண்டு மே 11 அன்று நியூ ஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் இருந்த பேய் மாளிகை தீப்பிடித்து, பதின்வயதினர் 8 பேர் இறந்தனர். இருட்டான, வளைந்து செல்லும் வழிகளைக் கொண்ட அந்த இடத்தில் நீர்தெளிப்பான்கள் இல்லை. அந்த விபத்தின் தொடர்ச்சியாக, வழி எளிதில் புலப்படாதபடி வேண்டுமென்றே அமைக்கப்படும் கேளிக்கைக் கட்டடங்களுக்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் தனி நிபந்தனைகள் வந்தன: தானாக இயங்கும் நீர்தெளிப்பான்கள் வேண்டும், புகை உணரப்பட்டவுடன் குழப்பம் தரும் ஒலியும் ஒளியும் நின்று, வெளியேறும் வழி வெளிச்சமாக வேண்டும். தடுப்புகளும் இருட்டும் புகையும் கொண்ட லேசர் டேக் கூடமும் இயல்பால் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நம் நாட்டில் 2024 மே 25 அன்று, குஜராத்தின் ராஜ்கோட்டில் விடுமுறைக் கூட்டம் நிரம்பியிருந்த ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து, பிள்ளைகள் உட்பட 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அது இயங்கிவந்தது பின்னர் வெளிப்பட்டது. கும்பகோணம் பள்ளித் தீயில் 2004ஆம் ஆண்டு 94 குழந்தைகளை இழந்த மாநிலத்தில் வாழும் நாம், பணம் கட்டும் முன் வெளியேறும் வழி எங்கே என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விளக்குகளைப் போட்ட கூடத்தில் நான் முதலில் தேடியது இரண்டாவது வாசலைத்தான். நாங்கள் நுழைந்த வாசலுக்கு நேர் எதிரே, உயரமான தடுப்பு ஒன்றின் பின்னால் அது இருந்தது. மேலே பச்சை நிற வெளியேறும் பலகை எரிந்துகொண்டிருந்தது. பலகையைப் பார்த்ததோடு நிற்காமல், கதவைத் திறந்து காட்டும்படி கேட்டேன். கதவு பூட்டப்படவில்லை, தள்ளியதும் திறந்தது, ஆனால் அதற்கு அப்பால் இருந்த நடைவழியில் குளிர்பான அட்டைப்பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. மேலாளர் முகம் சுளிக்காமல் ஊழியரை அழைத்து அவற்றை எடுக்கச் சொன்னார். மறுமுறை நான் முன்னறிவிப்பின்றிச் சென்றபோதும் அந்த வழி காலியாகவே இருந்தது. குறை இருப்பதைவிட, குறையைச் சுட்டிக்காட்டினால் என்ன நடக்கிறது என்பதே ஒரு கூடத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று நான் கருதுகிறேன்.

வேறொரு கூடத்தில் கண்டதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. கூரையிலிருந்த புகை உணர் கருவிகள் மீது மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் மாட்டப்பட்டிருந்தன. ஆட்டத்திற்காக வெளியிடும் செயற்கைப் புகையால் அபாய மணி அடிக்கடி ஒலித்துவிடுகிறது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். இந்தச் சிக்கல் உண்மையானதுதான், ஆனால் அதற்கு வெப்பத்தை உணரும் கருவி, செயற்கைப் புகையையும் தீயின் புகையையும் பிரித்தறியும் வகையில் அமைக்கப்பட்ட உணர் கருவி என்று முறையான தீர்வுகள் இருக்கின்றன. உறை மாட்டுவது கருவியைக் குருடாக்குவதற்குச் சமம். எனவே இத்தகைய இடத்திற்குச் செல்வோர் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் ஒருபோதும் தெரியாத இதனை வெளிச்சத்தில் அரை நிமிடத்தில் கண்டுவிடலாம்.

தரையும் தடுப்புகளும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. லேசர் டேக்கில் அடிபடுவது ஒளியால் அன்று. மூலையில் திரும்பும் இருவர் ஒருவர்மீது ஒருவர் மோதுவதாலும், சுவரில் முகம் இடிப்பதாலும், எதிரே வருபவரின் துப்பாக்கி முனை வாயில் படுவதாலும்தான். வெளிச்சமான வரவேற்பறையிலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண்கள் ஓரளவு பழகவே சில நிமிடங்கள் ஆகும். முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட எடுக்கும். ஆட்டத்தின் முதல் நிமிடங்களில்தான் பிள்ளைகள் ஆர்வம் தாங்காமல் ஓடுகிறார்கள் என்பதால், ஆபத்து அங்கே கூடிவிடுகிறது. நல்ல கூடங்களில் வெஸ்ட் மாட்டும் அறையையே மங்கலாக வைத்து, கண்கள் பழகிய பின் உள்ளே அனுப்புகிறார்கள். ஒட்டுப்பலகைத் தடுப்புகளின் விளிம்புகளில் மெத்தை ஒட்டப்பட்டிருக்கிறதா, அது கிழிந்து ஆணி தெரிகிறதா, தரைவிரிப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா, மேல் தளத்திற்கு ஏறும் சரிவில் வழுக்காத பட்டைகளும் இருபுறமும் கைப்பிடியும் உள்ளனவா என்பதையெல்லாம் கையால் தொட்டே பார்த்தேன். ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே அனுப்புவீர்கள் என்று கேட்டதற்கு, “எவ்ளோ பேர் வந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்” என்ற பதில் ஓரிடத்தில் வந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்திலோ, 16 வெஸ்ட்டுகள் இருந்தாலும் 12 பேருக்கு மேல் அனுப்புவதில்லை என்றார்கள்.

கருவிகளைச் சோதிப்பதற்கு, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் அறிந்திருப்பது உதவும். பெரும்பாலான கூடங்களில் எதிராளியைச் சென்று சேர்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான். விசையை அழுத்தியதும் துப்பாக்கியின் முனையிலுள்ள எல்இடி, தொலைக்காட்சி ரிமோட்டில் நடப்பதைப் போலவே, நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் ஒளியில் சுடுபவரின் எண்ணைக் குறியீடாக அனுப்புகிறது. அந்த ஒளியைக் குறுகிய கற்றையாக்க முன்னால் ஒரு வில்லை இருக்கிறது. எதிராளியின் நெஞ்சிலும் முதுகிலும் தோள்களிலும் துப்பாக்கியிலும் பதிந்துள்ள சென்சார்கள் குறியீட்டைப் படித்து, யார் யாரைச் சுட்டார் என்பதைக் கம்பியில்லா முறையில் கணினிக்குத் தெரிவிக்கின்றன. நாம் காணும் சிவப்பு அல்லது பச்சைக் கோடு குறிபார்ப்பதற்கும் காட்சிக்கும் உரியது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால்தான், திறந்தவெளியில் பகலில் ஆடும்போது இந்தத் துப்பாக்கிகளின் எட்டும் தொலைவு குறைந்துவிடுகிறது. மாலைக்குப் பின் ஆட்டம் வைப்பதே அங்கு நல்லது.

ஆகவே சோதனை எளிது. என் அக்கா மகன் 13 வயதுப் பையன். அவனை அழைத்துச் சென்று, கூடத்தின் நீளவாக்கில் எதிரெதிரே நின்று, ஒருவர் வெஸ்ட்டின் ஒவ்வொரு சென்சாரையும் மற்றவர் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்தோம். சுட்ட ஒவ்வொரு முறையும் வெஸ்ட் அதிர்ந்து விளக்கு அணைய வேண்டும்; சில நொடிகளில் மீண்டும் உயிர்பெற வேண்டும். ஒரு வெஸ்ட்டை மாட்டிக்கொண்டவன் சிறிது நேரத்தில், “மாமா, இதுல முதுகு சென்சார் செத்துப் போச்சு, யாராலயும் என்னைப் பின்னாடி இருந்து அடிக்க முடியாது” என்றான். அந்த வெஸ்ட்டைப் போட்டுக்கொள்ளும் பிள்ளை தானறியாமலே முதலிடம் பெறும், மற்றவர்கள் ஏன் தோற்றோம் என்று புரியாமல் சோர்வார்கள். குறிபார்க்கும் லேசர் இல்லாத துப்பாக்கியாக இருந்தால், கைப்பேசியின் முன்பக்க கேமரா வழியாக அதன் முனையைப் பார்த்தபடி விசையை அழுத்தலாம். பல கைப்பேசிகளில் மங்கிய ஊதாப் புள்ளி மின்னுவது தெரியும். பின்பக்க கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் பெரும்பாலும் அது தெரிவதில்லை. மின்கலம் தளர்ந்த கருவிகள் பிற்பகல் நேரத்தில்தான் பிடிபடும் என்பதால், காலையில் போய்ப் பார்ப்பதைவிடத் தொடர்ந்து ஆட்டங்கள் நடந்த ஒரு மாலையில் பார்ப்பது பயன் தரும்.

குறிபார்க்கும் லேசர் பொருத்திய கருவிகளில், அதன் வகுப்பைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். ஐஇசி 60825-1 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியிடும் 2ஆம் வகுப்பு லேசரின் திறன் 1 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் நாம் இமைப்பதே பாதுகாப்பாகிவிடும் அளவு அது. 1ஆம் வகுப்பு அதைவிடப் பாதுகாப்பானது. 2ஆம் வகுப்புக்கு மேலே உள்ள 3ஆர் வகுப்பில் திறன் 5 மில்லிவாட் வரை இருக்கலாம்; ஒருவரை ஒருவர் குறிபார்த்து விளையாடும் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்க நான் உடன்பட மாட்டேன். ஒட்டுச்சீட்டே இல்லாத, மலிவாக வாங்கிப் பொருத்திய சிவப்பு லேசரைப் பார்த்தால், அகச்சிவப்பு மட்டும் உள்ள கருவிகள் இருக்கும் இடத்தைத் தேடிப்போவது மேல்.

புகையைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீரைச் சூடாக்கி எழுப்பும் இந்தப் புகை, ஒளிக்கோடுகள் கண்ணுக்குத் தெரிவதற்காக விடப்படுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது இழுப்பைத் தூண்டக்கூடும். எங்கள் குழுவில் அத்தகைய பிள்ளை ஒருவர் இருந்ததால், புகை இயந்திரத்தை முழுவதும் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டோம்; மேலாளர் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தின் சுவை அதனால் குறையவில்லை என்பது மட்டுமல்லாமல், அடர்ந்த புகை அகச்சிவப்பையும் தடுக்கும் என்பதால் குறிகள் முன்னிலும் நன்றாகப் பதிந்தன. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்குகள் உள்ள கூடத்தில் வேறொரு கவனம் வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களில் 100க்குச் சுமார் 3 பேருக்கு இத்தகைய மின்னலொளி வலிப்பைத் தூண்டலாம். பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் இது அதிகம் காணப்படுகிறது. அந்த விளக்குகளை அணைக்கக் கேட்பதில் தவறேதும் இல்லை.

இனி, மார்ஷல். ஆட்டத்தை நடத்தும் இந்த ஊழியர்தான், என் கருத்தில், கூடத்தின் உயிர்நாடி. கருவிகள் நடுத்தரமாக இருந்தாலும் நல்ல மார்ஷல் உள்ள இடத்தில் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத் திரும்புவார்கள். நாங்கள் பார்த்த ஓரிடத்தில் விதிகளை ஆங்கிலமும் இந்தியும் கலந்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஊழியர் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். இளையவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேர்ந்தெடுத்த கூடத்தில் இருந்த பெண், பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, தமிழில், ஒவ்வொரு விதியையும் நடித்துக் காட்டினார்: ஓடக் கூடாது, படுத்துக்கொண்டு சுடக் கூடாது, எதிராளியைத் தொடக் கூடாது, கையாலோ முடியாலோ சென்சாரை மறைக்கக் கூடாது, துப்பாக்கியை எப்போதும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். நீண்ட கூந்தலைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். துப்பட்டாக்களை வெளியே வைத்துவிடச் சொன்னார். துப்பட்டா சென்சாரை மறைப்பதோடு, தடுப்பில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கவும் கூடும். செருப்புடன் வந்தவர்களை ஆட விடவில்லை. ஆட்டம் நடக்கும்போது வெளியே நிற்காமல் உள்ளேயே சுற்றிவந்து, ஓடிய ஒரு பையனின் பெயரைச் சொல்லி நிறுத்தினார். இந்த ஒன்றுக்காகவே அந்தக் கூடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது நேரக் கணக்கு. 20 நிமிட ஆட்டம் என்று எழுதியிருந்த பல இடங்களில், விளக்கம் சொல்வதும் வெஸ்ட் மாட்டுவதும் அந்த 20 நிமிடத்திலேயே அடங்கிவிடுகின்றன. உள்ளே ஆடக் கிடைப்பது 10 நிமிடத்திற்குச் சற்று மேல். இது குறைவு என்று நான் சொல்லவில்லை, வெஸ்ட்டின் எடையைச் சுமந்துகொண்டு வியர்க்க வியர்க்க ஆடும் 8 வயதுப் பிள்ளைக்கு அந்த நேரமே போதும். ஆனால் கட்டணங்களை ஒப்பிடும்போது, உள்ளே ஆடும் நிமிடங்களைக் கேட்டு அறிந்து ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டி சேர்ந்ததா, சாக்ஸ் தனியாக வாங்க வேண்டுமா, பிறந்தநாள் பேக்கேஜில் வெளி உணவு கொண்டுவரலாமா, வர முடியாதவர்களின் பணம் திரும்புமா என்பவற்றை வாய்ச்சொல்லில் விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டோம். வெஸ்ட்டுகளை ஆட்டங்களுக்கு இடையே துடைக்கிறார்களா என்பதையும் கேட்டேன். சென்னை வெயிலில் முந்தைய குழுவின் வியர்வை ஊறிய வெஸ்ட்டை மாட்டிக்கொள்ளப் பிள்ளைகள் விரும்புவதில்லை.

பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாளில், முதல் ஆட்டத்திற்கு முன் விளக்குகளைப் போட்டு, அனைவரையும் உள்ளே ஒரு சுற்று நடத்திக் காட்டும்படி ஏற்பாடு செய்திருந்தோம். இரண்டு வாசல்களையும் ஒவ்வொருவரும் கையால் தொட்டுவிட்டு வந்தார்கள். அப்படி நடந்துவந்ததால், சிறியவர்களுக்கு இருட்டின் மீதிருந்த அச்சம் பெருமளவு போய்விட்டது. உள்ளே வர மறுத்துத் தாயின் கையைப் பற்றிக்கொண்டிருந்த சிறுமி, மேல் தளத்தின் சரிவு எங்கே போகிறது என்று தெரிந்ததும் தானே முன்னால் போய் நின்றாள்.

அணி பிரிப்பதில் பெரியவர்கள் தலையிடுவது நல்லது. தோழர்கள் தோழர்களோடு சேர்ந்துகொண்டால், 15 வயதினர் ஒருபுறமும் 9 வயதினர் மறுபுறமும் ஆகிவிடும். வயதுவாரியாக நிறுத்தி மாற்றி மாற்றி இரண்டு அணிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு பெரிய பிள்ளையும் ஒரு சிறிய பிள்ளைக்குத் துணை என்று வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் திரையில் தனிநபர் வரிசையும் ஒவ்வொருவரின் குறி எவ்வளவு பதிந்தது என்ற விழுக்காடும் வரும். முதல் ஆட்டத்தில் கடைசி இடம் பெற்ற சிறுவனின் கண் கலங்கியதைக் கண்ட மார்ஷல், அடுத்த ஆட்டத்தில் தனிநபர் வரிசையை மறைத்து, அணியின் மொத்தப் புள்ளிகளை மட்டும் காட்டினார். அந்தச் சிறுவனை அவனுடைய அணித் தலைவன் எதிரணியின் தளமான ‘பேஸ்’ அருகே காவலுக்கு நிறுத்த, அவன் தன் இடத்தை விட்டு அசையாமல் நின்று, வருவோர் அனைவரையும் சுட்டுக்கொண்டே இருந்தான். இடையிடையே 10 நிமிடம் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வைத்தோம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை வைத்திருந்த தாய், மார்ஷலுக்குத் தெரியும் இடத்தில், நுழைவாயில் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.